மீன்கார அம்மாவின் கால்கள்

ராஜா அண்ணாமலைபுரத்தில், லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. அன்று காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி. அவரைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்குவதற்குள் எனக்கே மூச்சு முட்டி, படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வயது முப்பத்தெட்டு.

மீன் விற்க ஏறி வந்த அம்மா கூடையை இறக்கி வைத்தார். “நவுரு நைனா, பெரியவர என் முதுகுல ஏத்து.” அறுபதைத் தாண்டியவர், எங்குமே நிற்காமல் ஆட்டோ வரை சுமந்தார். நான் பின்னால் இறங்கினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். நன்றி சொல்லப் போனபோது, “எப்படிம்மா முடிஞ்சுது?” என்றேன்.

“தெனம் பத்து வூட்டுப் படி ஏறி எறங்கிக்கினு கீறேன். காலு சொன்ன பேச்சக் கேக்குது,” என்று சிரித்தார்.

இப்போது நானும் தினமும் நடக்கிறேன். இத்தனை வருடம் அவர் கூடையோடு படியேறுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.