தாய்ப்பத்திரம் இல்லாத பூச்சாடி

என் மனைவியிடம் ஒரு கண்ணாடிப் பூச்சாடி உண்டு. இளம்பச்சையில் கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம். அதில் பூ வைத்து நான் பார்த்ததில்லை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு ஷோகேஸின் நடுத்தட்டு அதற்கு ஒதுக்கப்பட்டது. பதிவுத் துறையிலிருந்து நான் ஓய்வுபெற்றபோது கிடைத்த கேடயங்கள் இரண்டும் அதன் இருபுறமும் காவலுக்கு நிற்கின்றன.

சுனாமி வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ, மறுபடியும் கடல் ஏறி வருகிறது என்று யாரோ கத்த, எங்கள் தெருவே மேற்கு நோக்கி ஓடியது. நான் பென்ஷன் ஆணையையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டேன். அவள் பூச்சாடியைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிட்டதாக நினைவில்லை.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது அவளுடைய அப்பா கொடுத்த பரிசு அது. முதுநகர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் அவர். ஒருநாள் மாலை, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து, "கப்பல்காரர்கிட்ட சொல்லி வாங்கினேன், ஒனக்குத்தான்" என்றாராம். அதற்குமேல் அவளைப் படிக்க வைக்கவில்லை. ஆகவே அவள் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பரிசும் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், அதே மாதிரிப் பூச்சாடி அவளுடைய தம்பியிடமும் இருந்தது. என் மச்சானுக்குச் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் பேனா, நோட்டு விற்கும் கடை, மாடியில் வீடு. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அதே கோடையில் அவர் ஒன்பதாம் வகுப்பில் தேறவில்லை. அவருக்கும் ஒரு பூச்சாடி கிடைத்தது.

"கப்பலாவது, கேப்டனாவது!" என்பார், எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே. "ஆனித் திருமஞ்சனத்துக்குப் போட்ட கடையில வாங்குனது மாமா. அப்பா வெலை பேசறாரு, நான் பக்கத்துல நிக்கிறேன். கண்ணால பாத்தவன் சொல்றேன்."

"நீ அங்க பாத்தது ராட்டினத்தடா. ஒம்போதாங் கிளாஸ்ல ரெண்டு வருஷம் குந்துனவனுக்கு ஞாபகம் வேற ஜாஸ்தி" என்பாள் என் மனைவி.

"பாஸ் பண்ணவங்களுக்கும் அதே சாமான்தான, ஃபெயிலானவனுக்கும் அதே சாமான்தான? அப்புறம் என்னாக்கா பெருமை?"

அவள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விடுவாள். பாத்திரங்களின் ஓசை மட்டும் சிரிக்காது. சீமைக் கண்ணாடியா உள்ளூர்க் கண்ணாடியா என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. தேறினவளுக்கும் தேறாதவனுக்கும் ஒரே கடையில் ஒரே சாமான் வாங்கியது என்றால், அது பரிசே இல்லை. திருவிழாச் சாமான். அதுதான் அவளை உறுத்தியது.

2009இல் ஒருநாள் தம்பியோடு தொலைபேசியில் இதே வழக்கைப் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஊரார் சொத்துக்கெல்லாம் மூலம் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்களே. இது யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

தாய்ப்பத்திரம் இல்லாத சொத்தை எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாதபடி ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பழைய கண்ணாடியின் நடைமுறையையும் கற்றுக்கொண்டேன். முதலில் அடியைப் பார்க்க வேண்டும்: முத்திரை உண்டா? இல்லை. அப்படியானால் பக்கங்களைப் பார்க்க வேண்டும். அச்சுக்குள் வார்த்ததாக இருந்தால் இரண்டு பக்கமும் மயிரிழைபோல் ஒட்டுக்கோடு ஓடும். வாயால் ஊதிச் செய்ததாக இருந்தால் கோடு இருக்காது. செய்யும்போது சாடியைத் தாங்கிப் பிடித்த இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த வடு அடியில் இருக்கும். நல்ல பட்டறைக்காரர் அதையும் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார். எங்களுடையதில் கோடு இல்லை. அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு வழவழப்பான குழி இருந்தது.

படம் எடுத்து, இதெல்லாம் தெரிந்த வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். "அழகான சாடி. எதுவாகவும் இருக்கலாம்" என்று பதில் வந்தது. என் துறையில் இப்படிப் பதில் எழுதியவர்கள் சீக்கிரமே பதவி உயர்வு பெற்றார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. முத்திரை இல்லாத சாடிகளில் பெரும்பாலும் ஒரு லேபிள் ஒட்டியிருப்பார்களாம். கழுவக் கழுவ அது போய்விடும். லேபிள் போகாத ஜோடி எங்காவது இருந்தால் அதை வைத்து இதைச் சொல்லிவிடலாம். என் மனைவி தன்னுடையதை வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பவள். அதில் லேபிள் அல்ல, லேபிளின் ஆவிகூட இருக்காது. ஆனால் மச்சான் வீட்டில் யாரும் எதையும் கழுவி நான் பார்த்ததில்லை.

சரஸ்வதி பூசை முடிந்த வாரம், பூச்சாடியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். மச்சான் வீட்டில் தராசு முதல் தையல் மெஷின் வரை எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. பூச்சாடியின் வயிற்றிலும் ஒன்று. ஒன்று என்பது தவறு. வருஷா வருஷம் பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே வைத்ததில், கொய்யாப் பிஞ்சு அளவுக்குச் சந்தனம் புடைத்து நின்றது.

"இதத் தொடைக்கவே மாட்டியாடா?"

"சாமி பொட்டுக்கா. தொடைச்சா பாவம்."

"ஒனக்கு எதைத் தொடைச்சாலும் பாவந்தான்."

நான் ஈரப் பஞ்சை வைத்து ஊறப்போட்டேன். சந்தனம் அடுக்கடுக்காகக் கரைந்தது. அடியில் பொன்னிறமாக ஏதோ மின்னியது. பாதி கிழிந்த ஒரு லேபிள். வடக்கே, ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் பெயரும் அது இருந்த ஊரும் அதில் தெளிவாக இருந்தன. நம் நாட்டு ஊர்தான். சீமையும் இல்லை, கப்பலும் இல்லை.

மச்சான் கைதட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "நாப்பது வருஷ கேஸு மாமா! தீர்ப்பு வந்துடுச்சு! கப்பல் கரை தட்டிடுச்சுக்கா!"

என் மனைவி லேபிளையே பார்த்தாள். "சரிடா, சந்தோஷமா இரு" என்றாள். தம்பியோடு அவள் இத்தனை சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் விசாரணை முடியவில்லை. ஒரு சொத்தின் பத்திரத்தைக் காட்டினால், அது இந்தச் சொத்துக்கு உரியதுதானா என்று நான்கு எல்லையையும் ஒத்துப்பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்வேன். மச்சானின் சாடியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒட்டுக்கோடு ஓடியது. அடியில் குழி இல்லை. நிறமும் வடிவமும் ஒன்று. செய்த விதம் வேறு.

"மச்சான், கள்ள நோட்டு பாக்குற வெளக்கு வச்சிருக்கீங்களே, அது எரியுதா?"

மூவரும் கீழே கடைக்கு இறங்கினோம். மத்தியானம் என்பதால் ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கி வைத்திருந்தார். கல்லாவுக்கு அடியில் இருந்த ஊதா விளக்கைப் போட்டு, அவருடைய சாடியை முதலில் காட்டினேன். ஒன்றும் இல்லை, விளக்கின் ஊதா அதன்மேல் மங்கலாக விழுந்தது, அவ்வளவுதான். பிறகு எங்களுடையதை வைத்தேன். அது பற்றிக்கொண்டதுபோல் உள்ளிருந்து பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தது. கல்லாப்பெட்டி, அவள் கை, வளையல் எல்லாம் பச்சை.

"என்னா மாமா இது?"

"சில பழைய கண்ணாடியில கொஞ்சம் யுரேனியம் கலப்பாங்க."

"அக்கா வூட்ல இத்தினி வருஷமா அணுகுண்டா!" என்று சிரித்தவர், சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்டார். "அப்போ ரெண்டும் ஒண்ணு இல்லியா?"

சாட்சிகள் இருவருமே உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் கடையில் பார்த்தது அவருடைய சாடியை. அவளுக்குப் பொட்டலத்தில் வந்தது வேறு. சொத்து இரண்டு, கிரயமும் இரண்டு.

"நான் அன்னிக்கு அழுதேன் மாமா" என்றார் மச்சான், விளக்கைப் பார்த்தபடியே. "அக்காவுக்கு மட்டும் வாங்கிக் குடுத்துட்டாருன்னு. அப்புறந்தான் என்னைத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டும் ஒண்ணுதான்டா, வித்தியாசமே இல்லன்னாரு."

அறுபதை நெருங்கிய மனிதர். மீசை நரைத்தவர். ஒன்பதாம் வகுப்பு ரிசல்ட்டை அப்போதுதான் பார்த்தவர்போல நின்றார்.

என் மனைவி காத்திருந்த தீர்ப்பு கைக்கு எட்டும் தூரத்தில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

"நோட்டு பாக்குற வெளக்குல கண்ணாடியைக் காட்டுனா என்னாத்தடா தெரியும்? நான் புளி போட்டுத் தேய்க்கிறேன், அதனால மின்னுது. நீ தேய்க்கல, மின்னல. இவரு எப்பவுமே இப்பிடித்தான். ஒரு சைட் பிளான்ல இல்லாத கெணத்தைக் கண்டுபிடிச்சு ரெண்டு குடும்பத்தைக் கோர்ட்டுக்கு அனுப்புனவரு."

அந்தக் கிணறு இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"அதானே!" என்றார் மச்சான். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் பழைய நிலைக்கு வந்தது. "மாமா, ரிட்டயர் ஆயிட்டா வூட்ல சும்மா இருக்கணும். என்னா, ஒரு காப்பி சாப்புடறீங்களா?"

திரும்பும் பஸ்ஸில் அவள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"கடைசியில யாரு செஞ்சதுன்னு சொல்லவே இல்லியே நீங்க?"

"தெரியல. கண்டுபிடிக்கவும் முடியாதுன்னு நெனைக்கிறேன்."

"பரவால்ல, வுடுங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "அந்த வெளக்கு நம்ம ஊர்ல கெடைக்குமா?"

கிடைத்தது. பேட்டரியில் எரிவது. பிறகு மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட வருஷங்களில், சாயங்காலம் கரண்ட் போனதும் மற்ற வீடுகளில் மெழுகுவர்த்தி தேடுவார்கள். எங்கள் ஷோகேஸில் பச்சை எரியும். என் கேடயங்கள் அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் நன்றாகவே தெரிந்தன.

அப்படி ஒரு சாயங்காலம் மச்சான் கூப்பிட்டார். அவருடைய குரல் எனக்கே கேட்டது. "என்னாக்கா, திருவிழாக் கடைச் சாமான் எப்பிடி இருக்கு?"

எதிரே ஒளிரும் சாடியைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "ஒன்னுது எப்பிடி இருக்கோ, அப்பிடியேதான்டா இருக்கு."