கைலிக்கு ஒரு பெல்ட் கிளிப் கவர்

1. கவர் திரும்பி வந்தது

காதர் இக்கா அந்தக் கவரைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார். "இத வேற ஆருக்காச்சும் குடுத்துரு தங்கச்சி. நாளையிலேருந்து நான் ஜோலிக்குப் போகல" என்றார்.

கவரில் ஒரு கீறல்கூட இல்லை. நான் விற்று இருபது நாள் ஆகியிருந்தால் அதிகம். கடையில் இருந்ததிலேயே நல்ல ரகம் அது. கெட்டியான முதுகு, ஸ்பிரிங் கிளிப், தானாக மூடிக்கொள்ளும் மேக்னெட் மூடி. காசைத் திருப்பிக் கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் மொபைல் ஆக்சஸரீஸ் கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். அப்பா முனிசிபாலிட்டி வேலைக்குத் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர், நான் பிறந்தது இங்கேதான். போனைக் கண்ணால் பார்க்காமல், கேமரா இருக்கும் இடத்தைத் தடவியே மாடல் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. இப்போது புதிதாகக் கவுண்டருக்கு வருகிறவர்களுக்கும் அந்தத் திமிர் சீக்கிரமே வந்துவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காதர் இக்கா பஜார் சாலையில் ஒரு அரிசிக் குடோனில் சுமை தூக்குகிறவர். ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான்; இக்கா என்பது இந்த ஊரில் அண்ணனுக்குச் சொல்வது. மனைவி மைமூனா அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. பகலில் துணைக்கு யாரும் இல்லை. அக்காவின் போனைத் திறந்ததும் இக்காவின் படம் வரும்படி செய்து வைத்திருந்தார்கள். இடது கை விரலால் அந்தப் படத்தை அழுத்தினால் இக்காவுக்கு மணி அடிக்கும். எடுத்ததும் அக்கா நகத்தால் போனைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சும்மா கூப்பிட்டேன். இரண்டு தட்டு என்றால் உடனே வா. குடோனிலிருந்து வீட்டுக்கு ஆறு நிமிடம் நடக்க வேண்டும்.

அந்த மணி காதில் விழுந்தால்தான் அவர் வேலைக்குப் போக முடியும். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழுந்து இரண்டு தடவை டிஸ்ப்ளே போயிற்று. ஆணியில் மாட்டிவைத்தால் லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. அதனால்தான் இடுப்பில் மாட்டும் கவர் கேட்டு வந்தார். நான் மாடலைக் கேட்டேன், அளவு பார்த்தேன், எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் இரண்டு நிமிட வேலை.

2. மய்யத்து போன பாதை

என்ன நடந்தது என்று கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

வேலை நேரத்தில் அவர் கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார். எல்லா சுமைக்காரர்களும் அப்படித்தான். பெல்ட் கிடையாது. நான் கொடுத்த கவரை அந்த மடிப்பின்மேல் கிளிப் போட்டிருந்தார். அது நன்றாகத்தான் நின்றது. முந்தின நாள் காலை அந்த வழியாக ஒரு மய்யத்து வந்தது. தெரிந்தவரோ தெரியாதவரோ, சவம் கடக்கும்போது மடித்த கைலியை அவிழ்த்து இறக்கிவிட்டு நிற்பது இங்கே எல்லோருக்கும் உள்ள மரியாதை. இக்காவும் இறக்கினார். மடிப்பு அவிழ்ந்ததும் கவர் கழன்று காலி சாக்குக் குவியலில் விழுந்துவிட்டது. சாக்கின்மேல் விழுந்ததால் சத்தம் கேட்கவில்லை. மய்யத்தைக் கண்டால் அவர் நாலடியாவது தோள் கொடுக்காமல் விடமாட்டார். தெருமுனை வரை சுமந்துவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பினார்.

வந்து போனைத் தேடி எடுத்தபோது பதினொரு மிஸ்டு கால்.

மைமூனா அக்கா அடுக்களையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், தரையில் கிடந்தபடியே அந்தப் படத்தை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் தற்செயலாக வந்து தூக்கியிருக்கிறாள். எலும்பு முறியவில்லை, முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது.

"நான் போனப்போ அவ என்னக் கோவிச்சுக்கல. என் மேலெல்லாம் தடவிப் பாத்தா. எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சிருக்கா" என்றார்.

குற்றம் என்னுடையதுதான். பெல்ட் கிளிப் கவரை விற்ற நான், அவர் பெல்ட் போடுகிறவரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவரோ வேலையை விட்டுவிட்டால் இரண்டு பேரும் எப்படிப் பிழைப்பது என்றுகூட யோசிக்காமல் முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள், அதற்குப் பிறகும் சரியாகவில்லையென்றால் உங்கள் இஷ்டம் என்று கெஞ்சி அனுப்பினேன்.

3. என் வீட்டுக்காரரின் பாடு

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரைக் கைலி கட்டி நிற்கச் சொன்னேன். மடி, இறக்கு, குனி, உட்கார், தலையணையைத் தோளில் வை என்று பாடாய்ப் படுத்தினேன். ஏழு கவர் போட்டுப் பார்த்ததில் ஏழும் விழுந்தன. தூங்குகிற மனுஷனை எழுப்பிப் பரேட் எடுக்கிறாளே என்று புலம்பினாலும், ஒரு விஷயத்தை அவர்தான் சொன்னார். துணியில் மாட்டுகிற எதுவும் துணியோடு அவிழும் என்றார். பத்தொன்பது வருட அனுபவசாலிக்கு அது தோன்றவில்லை.

இந்தப் பக்கத்து வயசான இக்காமார் கைலிக்குமேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுவார்கள். கைலியை மடித்தாலும் இறக்கினாலும் அது இடுப்பைவிட்டு அசையாது. அதில் ஒன்று வாங்கினேன். கிளிப் உள்ள கவர்களை ஒதுக்கிவிட்டு, பின்னால் பெல்ட் நுழைகிற மாதிரி பட்டை தைத்த கவர்களாகப் பார்த்தேன். மூட்டை உரசுவது முதுகிலும் வலது பக்கத்திலும். அதனால் இடது பக்கம், கொஞ்சம் முன்தள்ளி, போன் நேராக நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். அந்த இடத்தில் மாட்டி எத்தனை குட்டிக்கரணம் அடித்தாலும் விழவில்லை.

மூடி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பாக்கி. பட்டை தைத்த ரகத்தில் மேக்னெட் மூடி வராது. பிரஸ் பட்டன், பிளாஸ்டிக் கொக்கி, வெல்க்ரோ என்று மூன்று ரகம் எடுத்துக்கொண்டேன். வெல்க்ரோவைச் சும்மா எண்ணிக்கைக்குத்தான் பைக்குள் போட்டேன். அரிசித் தூசி ஏறினால் ரெண்டு மாதத்தில் அது ஒட்டாமல் போகும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

4. மைமூனா அக்கா தேர்ந்தெடுத்தது

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கட்டு. நான் இக்காவிடம் பட்டன் கவரை நீட்டி அதன் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். இடையிலேயே அக்கா இடது கையை நீட்டினார்.

கவரை வாங்கி மடியில் வைத்துப் பட்டனை அழுத்தினார். ஒரு கையால் அது மூடவில்லை. நாலு தடவை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கொக்கியும் முடியவில்லை. நான் உதவப் போனேன், இக்கா வேண்டாமென்று தலையசைத்தார். மூன்றாவதாக வெல்க்ரோவை எடுத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். ஒட்டிக்கொண்டது. பிறகு இக்காவைப் பார்த்தார்.

அப்போதுதான் இக்கா சொன்னார். காலையில் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிடுவது, சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுப்பது எல்லாம் கல்யாணமான நாளிலிருந்து அக்காதான். இப்போது எதுவும் முடிவதில்லை. போனை இடுப்பில் வைத்து அனுப்புவதையாவது தான் செய்ய வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. நான் விற்ற பழைய கவரையும் தினமும் காலையில் மாட்டிவிட்டது அக்காதானாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கடைக்காரி புத்தி விடவில்லை. "இது தூசி அடைஞ்சு ரெண்டு மாசத்துல போயிரும் இக்கா" என்றேன்.

"போகட்டும். ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போறேன். அவ கைக்கு இதுதான் வருது."

பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கட்டில் அருகே வந்து நின்றார். அக்கா போனை உள்ளே நுழைத்து, மூடியை ஒரு தட்டு தட்டி மூடினார். அவர் கைலியை மடித்தார், இறக்கினார், குனிந்தார், வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றார். அக்கா தன் போனை எடுத்துப் படத்தை அழுத்தினார். இக்காவின் இடுப்பில் மணி அடித்தது. அவர் மூடியைப் பிய்த்துப் போனை எடுத்துக் காதில் வைத்தார். அக்கா நகத்தால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

"சரி, ஒண்ணுமில்லல்ல. நாளைக்கு நான் ஜோலிக்குப் போயிட்டு வரட்டா?" என்றார் இக்கா, போனிலேயே.

அக்கா தலையாட்டினார்.

இப்போதும் அவர் அந்தக் குடோனில்தான் இருக்கிறார். இதுவரை நாலு வெல்க்ரோ கவர் வாங்கியாயிற்று. உடைந்த டிஸ்ப்ளேயை எங்கள் கடையிலேயே அரைமணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஒருவர் தரையில் கிடந்து அழைத்த பதினொரு அழைப்பை யாரும் மாற்றித் தர முடியாது. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, கவர் கேட்டு வருகிறவரிடம் என்ன வேலை செய்கிறார், என்ன உடுத்துகிறார், வீட்டிலிருந்து யார் கூப்பிடுவார் என்று கேளுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.