ஈரத்தில் வைத்த எண்ணெய்

இப்போதெல்லாம் என் தலைமுடி சொன்ன பேச்சைக் கேட்கிறது. நேற்று தலைக்குக் குளித்துவிட்டு, துவட்டவும் சோம்பல்பட்டு, வாசல்படியில் காற்றாட உட்கார்ந்தேன். காய்ந்தபின் தொட்டுப் பார்த்தால் தலையோடு படிந்து கிடக்கிறது. கிளம்பி நிற்க முதலில் முடி என்று ஒன்று இருக்க வேண்டுமே! எலிவால் அளவுக்கு மிச்சமிருப்பது யாரை எதிர்த்து நிற்கும்? இதற்கா அந்தப் பாடு பட்டோம் என்று அலுப்பாக இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில், ஆம்பூரில் நான் சிறுமியாக இருந்தபோது, எனக்குச் சுருட்டை முடி. ஈரமாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும். காயக் காயத்தான் அதன் குணம் தெரியும். உப்பேறின கிணற்றுத் தண்ணீரும் பாலாற்று மணல் மேல் அடித்து வருகிற காற்றும் சேர்ந்து ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக எழுப்பிவிடும். பக்கத்து வீட்டு ஷரீபாக்கா என்னைக் கண்டாலே, "இன்னாடி, தலைல காக்கா கூட்டத் தூக்கிக்கினு வர்றே? ஒன் முடியோட ஒரே பேஜார்டி" என்பார். சொல்லிவிட்டு அவரே சாம்பிராணி கொண்டுவந்து புகை போடுவார். புகை போட்டபின் கூடு இன்னும் பெரிதாகும்.

சாம்பிராணி என்றதும் இன்னொரு வாடையைச் சொல்ல வேண்டும். என் நைனா தோல் பதனிடும் ஷாப்பில் எண்ணெய் போடுகிறவர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வந்த தோலைப் பலகையில் விரித்து, நீரை வழித்துத் தள்ளி, ஈரம் போவதற்குள் எண்ணெய் தடவி நிழலில் தொங்கவிடுவார். அங்கே புங்க எண்ணெய். வீட்டில் விளக்குக்கும் அதுவேதான். அதன் வாடை எப்படி இருக்கும் என்று அன்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் தெருவில் யாருக்குமே தெரிந்திருக்காது.

திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் விடுதிப் பள்ளிக்குப் பெண் பிள்ளை ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மிஸ்ஸியம்மா ஒருவர் வரப்போவதாகச் செய்தி வந்தது. படித்தால் டீச்சர் ஆகலாம். இல்லாவிட்டால் நானும் ஷாப்பில் பட்டை இடிக்கப் போக வேண்டியதுதான். ஆனால் அந்த விடுதியில் பேனுக்குப் பயந்து, வாரி அடங்காத முடியைக் கழுத்தோடு வெட்டிவிடுவார்கள். அம்மா நான் நடக்கப் பழகுமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். முகம் நினைவில்லை, படமும் கிடையாது. "அவ முடிதான் ஒனக்கு" என்பார் நைனா. அவளைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. "அதுல கத்திரி வெக்கறதா இருந்தா அந்தப் படிப்பே வேணாம்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை தலைக்குக் குளித்து, துண்டால் பரபரவென்று தேய்த்து, வெயிலில் நின்று உலர்த்தி, சீப்பை விட்டு இழுத்தேன். முடி நாலு திசையிலும் நின்றது. அழுதுகொண்டிருந்தபோது நைனா வேலை விட்டு வந்தார்.

"வெயில்லயா ஒணத்தினே?"

"ஆமா நைனா."

"தேச்சி வேற வெச்சியா? தோல அப்டி பண்ணா வெறைச்சிக்காதா? போ, மறுபடியும் நனைச்சிக்கினு வா."

வேப்பமர நிழலில் என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். ஷாப்புச் சுண்ணாம்பு அரித்து வெடித்த கைகள். கொத்துக் கொத்தாக முடியை உள்ளங்கையில் அமுக்கித் தண்ணீரை எடுத்தார், தேய்க்கவில்லை. ஈரத்தின் மேலேயே விளக்குக்கு வைத்திருந்த புங்க எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்து, ஒவ்வொரு கொத்தையும் விரலில் சுற்றிவிட்டார். "கைய வெக்காதே. தானா காயட்டும்." நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். காய்ந்தபோது சுருள்கள் எல்லாம் சொன்னபடி படுத்திருந்தன. "அடியே, இது ஒன் தலையா!" என்றார் ஷரீபாக்கா. நைனா வெகுநேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் மிஸ்ஸியம்மா என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "நல்ல முடி" என்றார். உடனே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெக்கை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

விடுதியில் முதல் நாளே வார்டன், "என்ன நாற்றம் இது?" என்று கேட்டு, சீயக்காய் போட்டு நன்றாக அலசவைத்து, மாடி வெயிலில் உட்கார்த்தினார். காய்ந்ததும் முடி பழையபடி கிளம்பியது. சாயங்காலம் கத்திரிக்கோல் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் அங்கே ஒரே சட்டம்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது நைனா காத்திருந்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். குப்பென்று ஒரு வாடை அடித்தது. பிறந்ததிலிருந்து அவர் மடியில் வளர்ந்தவளுக்கு அன்றுதான் முதன்முதலாக அந்த வாடை தெரிந்தது. என் கை தானாக மூக்குக்குப் போயிற்று. என் தலையைத் தொட நீண்ட அவர் கை பாதியில் நின்றது. வெட்டின முடியைப் பார்த்து, "வளரும்ல" என்று மட்டும் சொன்னார். பெட்டியை வாங்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நடந்தார். வீட்டில் எனக்கென்று கடைத்தெருவில் வாங்கின தேங்காய் எண்ணெய் ஒரு புட்டியில் இருந்தது. "நீயே வெச்சிக்க" என்றார். அதற்குப் பிறகு என் தலையில் அவர் கை படவேயில்லை.

நான் டீச்சராகி, ஓய்வும் பெற்றாயிற்று. நைனா போய் எத்தனையோ காலம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனபோது அந்த ஷாப் இருந்த தெருவில் கொஞ்சநேரம் நின்றேன். இப்போது ஏதோ ரசாயன நெடி கண்ணைக் கரிக்கிறது. மூக்கைத் துடைத்துவிட்டு நன்றாக இழுத்துப் பார்த்தேன். பழைய வாடை இல்லை.

அதனால் நாட்டு மருந்துக் கடையில் புங்க எண்ணெய் வாங்கி வைத்திருந்தேன். நேற்று வாசல்படியில் ஈரத் தலையோடு உட்கார்ந்தபோது ஒரு சொட்டு எடுத்து உச்சியில் வைத்துக்கொண்டேன். அடக்க அங்கே முடி இல்லைதான். வாடை அப்படியே இருந்தது. வைத்தது மட்டும் என் கை.