டெல்பின் பேசுகிறார், டெல்பின் கேட்கிறார்

“ஏளா டெல்பினு, இந்தப் பக்கம் காஞ்சிட்டு, திருப்பு.”

“திருப்புதேன், திருப்புதேன். எதுக்கு வெரட்டுத?”

கேள்வியும் டெல்பின், பதிலும் டெல்பின். புன்னைக்காயல் கரையில் பழைய வலையை விரித்து வாளைக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. தலையில் ஈரத் துண்டு. உப்பு அரித்த விரல்கள். ஐம்பதைத் தாண்டிய வயது.

மனத்தில் ஓடுவது அப்படியே வாயில் வந்துவிடும். கோயிலில் செபமாலைக்கு நடுவே, “அடுப்ப அணைச்சனா?” என்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, “சேல நல்லாருக்கு, பார்டருதான் எடுக்கல” என்று சொல்லிவிட்டு, சொன்னதே தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கணவர் டெரன்ஸ் நேர்மாறு. கடலிலிருந்து வந்தால் சோறு, பிறகு தூக்கம். “அவ பேசுதது எனக்கும் சேத்துத்தான்” என்பார், அதுவும் கேட்டால்தான்.

இத்தனை பேசும் டெல்பின் மகனைப் பற்றி மட்டும் ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தார். ஜாய்சன், புதுக்கோட்டைக் கடைக்காரர் ஒருவரின் மகள் அனுசியாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, சாகுபுரம் ஆலையில் வேலை பார்த்தபடி அங்கேயே குடியிருக்கிறான். பெண் இந்து. இரண்டு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. யார் கேட்டாலும், “அவனாத்தான் போனான்.” ஊர் அதை நம்பியது. நானும் நம்பினேன்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு மரியான் அண்ணன் ஒரு நாடகம் எழுதினார். கீபோர்டு வாசிப்பது நான். மகன் பிரிந்துபோன ஒரு தாய், மேடையில் தனியாக நின்று பேச வேண்டும். “தனியாப் பேச நம்மூர்ல டெல்பின விட்டா யாரு இருக்கா?” என்றார் மரியான். சிரித்தோம். டெல்பினும் சிரித்தார்.

சாயங்கால ஒத்திகை. எழுதியிருந்த வசனம் இது: “போனவன் போகட்டும். அவனாகத்தானே போனான்! என் வாசல் அவனுக்குத் திறக்காது.”

டெல்பின் கணீரென்று தொடங்கினார். “அவனாகத்தானே போனான்” என்ற இடத்தில் நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து மரியான் எடுத்துக் கொடுத்தார். டெல்பின் மறுபடி சொன்னார், இந்த முறை மெதுவாக. பிறகு யாரோ எதிரில் நிற்பதுபோல, “அவனா எங்க போனான்? நான்லா போவச் சொன்னேன். அவன் துணிமணிய நான்லா வாசல்ல தூக்கி வச்சேன்” என்றார்.

என் கை கட்டையிலேயே இருந்தது. ஒரு சுரம் நீளமாக ஒலித்துக்கொண்டிருந்தது.

“அருமையா இருக்கு டெல்பினு, அப்படியே வச்சிருவோம்” என்றார் மரியான்.

“வேண்டாண்ணே. அது நாடகத்துக்கு உள்ளது இல்ல.”

மேடையில் ஒரு பாத்திரம் தனியாகப் பேசினால், அது பார்க்க வந்தவர்களுக்குச் செய்தி சொல்கிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அன்றைக்கு அந்தப் பேச்சின் முதல் காது டெல்பினுடையதாக இருந்தது. கேட்டபிறகு, பேசத் தொடங்கிய டெல்பினாக அவர் இல்லை. நாமும் நினைப்பதை நினைப்பாகவே வைத்திருக்கும்வரை எத்தனை வசதியாக இருக்கிறது!

மறுநாள் காலை, “தம்பி, சாகுபுரம் வரைக்கும் கொண்டுவிடுதியா?” என்று வந்து நின்றார். வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் வழி முழுக்க ஒத்திகைதான். “ஜாய்சா, கோவத்துல சொல்லிட்டேன்ல...” “சீ, அப்படிச் சொல்லாத. கோவம் என்ன கோவம்? பிடிக்கல, வெரட்டுன.” ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் ஒரு சாக்கு உதிர்ந்தது.

கதவைத் திறந்தது அனுசியா. கதவை முழுசாகத் தள்ளிவிட்டு, “வாங்க அத்த. அவிய ஷிப்ட்டுக்குப் போயிருக்காவ” என்றாள்.

டெல்பின் படியேறவில்லை. “அவன நாந்தான் போவச் சொன்னேன். ஊர்ல மாத்திச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒன்னால போயிட்டான்னு ஊரு நெனைக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அனுசியா உள்ளே போனாள். திரும்பி வரும்போது செல்போன் கையில் இருந்தது. எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினாள். “அவியட்ட நீங்களே சொல்லுங்க.”

“என்னளா?” என்றது ஜாய்சன் குரல், பின்னால் இயந்திரச் சத்தம்.

“ஏலே, அம்மா பேசுதேன். ஒன்ன நாந்தாம்ல வெரட்டுனேன்.”

இயந்திரச் சத்தம் விலகிக்கொண்டே போனது; வெளியே நடந்து வந்தான்போல. “தெரியும்மா” என்றான். “வெயில்ல நிக்காதீய. ரெண்டு மணிக்கு வந்துருதேன்.”

டெல்பின் போனை அனுசியாவிடம் கொடுத்தார். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.