இராசமலரின் படித்த கரி

"எனக்குக் குடிக்க வேண்டாம், செம்பைக் கொண்டுபோங்கோ," என்று சொல்லிக்கொண்டே இராசமலர் கிணற்றில் வாளியை இறக்குகிறார். முரசுமோட்டையில் ஒரு நாளைக்கு எட்டு வீடு. எட்டிலும் இதே இழுபறி. வந்தவருக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுப்பது மரியாதையில்லை என்று, சோதனைக்கும் கடையில் வாங்கிய பில்டர் தண்ணீரையே நீட்டும் ஊர் இது.

வயது ஐம்பது. ஆண்களின் முழுக்கைச் சட்டை, கண்ணாடி உடைந்த ஸ்கூட்டி. பல்கலைக்கழகத் திட்டமொன்று அவரைக் கிணறு சோதிக்க அமர்த்தியிருக்கிறது. கருவி என்பது சுண்டுவிரல் நீளப் பட்டி. அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்கள். வயலுக்கு எறிந்த யூரியா நைத்திரேற்றாகித் தண்ணீரில் இறங்கியிருந்தால் அவை உணரும், போனில் எண் ஏறும். பேராசிரியர் இதை ஒன்றரை மணிநேரம் படம் போட்டு விளக்கினாராம். இராசமலருக்கு ஒரு வரி போதும்: "அடுப்புக்கரியைப் படிக்க வைச்சு அனுப்பியிருக்கினம்."

தானே வாளியால் அள்ளும் இந்தப் பிடிவாதம், ஒருமுறை ஏமாந்த பிறகு வந்தது. வேலைக்குப் புதிதில், கால்நோவில் கிணற்றடிக்குப் போகாமல், கனகலிங்கம் வீட்டில் அவர் நீட்டிய செம்புத் தண்ணீரையே சோதித்து, நல்ல தண்ணீர் என்று கிணற்றுக்கட்டில் பச்சை ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார். அடுத்த கிழமை சந்தையில் கனகலிங்கத்தின் மருமகள் பிரியந்தினி மெல்லச் சொன்னாள்:

"அன்ரி, மாமா அண்டைக்குத் தந்தது பில்டர் தண்ணி. இப்ப பச்சை ஒட்டியிருக்கெண்டு பிள்ளைக்கும் கிணத்துத் தண்ணியிலதான் பால்மா கரைக்கச் சொல்லுறார்."

பிள்ளைக்கு இரண்டு மாதம். நைத்திரேற்றுக் கூடினால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரித்துவிடும். "என்னைச் செருப்பால அடிக்கோணும்," என்றபடி இராசமலர் மரக்கறியை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். சந்தைக்கு அவரோடு வந்திருந்த நானும் பின்னால் ஏறினேன்.

கனகலிங்கத்தின் கிணற்றில் தானே அள்ளிப் பட்டியை நனைத்தார். எண், குடிக்கக்கூடிய எல்லையைப்போல் இரண்டு மடங்கில் நின்றது.

"கொதிக்க வைச்சுத்தானே பிள்ளைக்குக் குடுக்கிறம்," என்றார் கனகலிங்கம்.

"கொதிச்சாத் தண்ணிதான் வத்தும், நைத்திரேற்று இன்னும் தடிக்கும், அண்ணை."

"என்ர ஐயா வெட்டின கிணறு. ஊருக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஐயா நல்லாத்தான் வெட்டினவர். மூட்டை மூட்டையா யூரியா எறிஞ்சது நீங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை. உள்ளே பிள்ளை பசியில் வீரிட்டது. கனகலிங்கத்தின் மனைவி கரைத்த பால்போத்தலோடு குசினியிலிருந்து வெளியே வந்தார். இராசமலர் அதைப் பிடுங்கி, கனகலிங்கம் பார்த்திருக்க, வாழையடியில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை உதறினார்.