ஒரே சாக்கில் கொட்டிய அரிசி

அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு கம்பெனியில் கிளார்க். சமையலில் எனக்கிருந்த ஒரே அனுபவம் சாப்பிடுவது.

அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் பதினோரு மணிக்கெல்லாம் பெஞ்சில் தலை சாய்த்துவிடுவார்கள். சிலர் படிப்பை விட்டுவிட்டுத் தோல் பட்டறைகளில் நூல் வெட்டப் போய்விட்டார்கள். அங்கே மத்தியானம் ஒரு பாவ் ரொட்டியும் டீயுமாவது கிடைக்கும். இதைப் பார்த்து மனசு கேட்காமல் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பள்ளியில் மத்தியானச் சோறு போடுவது என்று முடிவெடுத்தோம். வீட்டுக்கு ஒரு தகர டப்பா கொடுத்தோம். சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதில் போட வேண்டும். ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்ற காலம். இருந்தும் பக்கத்து மாட்டுங்காவின் மாமிகளும் தாராவி அக்காக்களும் முகம் சுளிக்காமல் போட்டார்கள். பட்டறைக்குப் போன பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போய், “திங்கக்கிழமை அனுப்புங்கம்மா, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு” என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

அரிசி, தண்ணீர், நெருப்பு. மூன்றே சாமான், இதற்கு எதற்குச் சமையல்காரர் என்று அந்த வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வயிற்றுவலி என்று ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு அது உண்மையாகிவிட்டது.

விஷயம் இதுதான். மாமிகள் வீட்டுப் பச்சரிசி, அக்காக்கள் வீட்டுப் புழுங்கலரிசி, யார் வீட்டிலிருந்தோ வந்த சிவப்பரிசி, நொய் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்திருந்தேன். அரிசி என்றால் அரிசிதானே! அண்டாவில் பச்சரிசி குழைந்து கூழாகிவிட்டது. புழுங்கலரிசி மட்டும் கல்லு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் ஊற்றினேன், கூழ் பெருகியது. தீயைக் கூட்டினேன், அடியில் கருகல் வாசனை. கரண்டியை விட்டு வேகாத அரிசியை மட்டும் பொறுக்கி எடுக்கப் பார்த்தேன் என்றால் என் புத்தியின் நிலையைப் புரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே ஐம்பது பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்குச் சோறு இல்லையென்றால் நாளைக்குப் பாதிப் பேர் பட்டறையில் இருப்பார்கள். நான் உள்ளே எட்டிப் பார்த்து, “எங்கே, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க பார்ப்போம்” என்றேன். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் மாஹிம் ஸ்டேஷனுக்கு ஓடி ஊருக்கே போய்விடலாமா என்றும் கணக்குப் போட்டேன்.

கருகல் வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்கார பாய் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பை தைக்கும் பட்டறை அவருடையது. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் அவர்தான். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன வே, பசை காய்ச்சுதீரா? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு டின்னு தந்திருப்பம்லா!”

நான் அழுகிற நிலையில் இருந்தேன். “பாய், ரெண்டு அரிசியும் கலந்துபோச்சு. சோறு போச்சு.”

“சோறுதானவே போச்சு? கஞ்சி எங்க போவும்? கரையிற அரிசியும் வேணும், பல்லுல படுற அரிசியும் வேணும். அடியத் தொடாம மேலாக்க அள்ளி மாத்தும்.”

சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். பட்டறை ஆட்கள் இன்னொரு அண்டாவும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். சந்து முழுக்கக் குரல் கொடுத்தார். ஒரு வீட்டிலிருந்து பூண்டு, ஒரு வீட்டிலிருந்து பாசிப்பருப்பு, இஞ்சி, வெந்தயம், அரைமூடித் தேங்காய் என்று வந்து சேர்ந்தன. இத்தனைக்கும் உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேர் அவர் பட்டறையை விட்டுப் பள்ளிக்குத் திரும்பிய பையன்கள். “அது தெரியுமா பாய்?” என்று கேட்டேன்.

“தெரியும்வே. பட்டினியா எங்கிட்ட திரும்பி வந்தானுவன்னா எனக்குத்தான் கேவலம். கிண்டும், கிண்டும்!”

கஞ்சி தயாராவதற்குள் பிள்ளைகள் இருபதாம் வாய்ப்பாட்டைத் தாண்டிவிட்டார்கள். முதல் வாய் குடித்ததும் குனிந்த தலைகள் நிமிரவே இல்லை. அப்புறம் தட்டு வழிக்கிற சத்தம். ஒரு சின்னப் பெண் இரண்டாம் தடவை தட்டை நீட்டிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “அண்ணே, நாளைக்கும் இதே மாதிரி கொழைச்சு வைப்பீங்களா?”

மறுநாள் ஐம்பது பேரும் வந்தார்கள். சிலர் தம்பி தங்கைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாய்தான் எங்கள் தலைமைச் சமையல்காரர். எனக்குக் கிண்டும் உத்தியோகம் மட்டும். நடந்ததைக் கேள்விப்பட்ட ஒரு மாட்டுங்கா மாமி அடுத்த வாரம், “இது பச்சரிசிப்பா, தனியா வெச்சுக்கோ” என்று தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே பிரித்து அதே சாக்கில் கொட்டினேன்.

இன்றும் எங்கள் வீட்டில் என்றைக்காவது சோறு குழைந்துவிட்டால் மனைவி என்னைச் சங்கடத்தோடு பார்க்கிறாள்; எனக்கோ அந்த ஐம்பது தட்டுகளின் சத்தம் காதில் கேட்டு, நாம் பண்ணும் அசட்டுத்தனத்தையும் பத்துக் கை சேர்ந்தால் ஒரு பிள்ளையின் பசிக்கு ஆகும்படி மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை மறுபடியும் வந்துவிடுகிறது.