இரண்டு கொடி வைத்திருந்த வீடு: தலாத்து ஓயா பக்கம் இரண்டு நாள்

கண்டியிலிருந்து தலாத்து ஓயா பக்கம் எப்படிப் போவது என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். வழியும் சொல்கிறேன், கட்டணமும் சொல்கிறேன். ஆனால் இந்தத் தடவை நான் மலை பார்க்கப் போகவில்லை. போய் வந்து ஒன்றரை மாதமாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் காட்சி கொஞ்சம் குறைவாகவும் கோபம் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் முடிந்து மூன்றாவது வாரம், தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற சித்தி மகள் தனலெட்சுமி, எங்களுக்குத் தனம், போனில் கோல் எடுத்தாள். "அண்ணே, காணி லிஸ்டுல இந்த வாட்டியும் எங்க பேர் இல்ல. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வரச் சொல்றாங்க. நீங்க கூட இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்." மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்றேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதில் என் வெட்கக்கேடும் ஒன்று இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழு மணி ரயில், கொழும்பு கோட்டையிலிருந்து. ஒன்பதரைக்குக் கண்டி. ஸ்டேஷனிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு நடந்தால் பத்து நிமிடம், அந்தப் பக்கத்தில் தலாத்து ஓயா பஸ் கிடைக்கும். முப்பத்து நான்கு ரூபாய். அம்பிட்டிய ஏற்றத்தில் வலது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பதின்மூன்று கிலோமீற்றருக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது, ஏனென்றால் வழி நெடுகப் பச்சைக் கொடி கட்டுகிறவர்கள் ஏணியை நடுரோட்டில் வைத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே கம்பங்களில் நீலக் கொடி.

தலாத்து ஓயாவிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். முதல் இரண்டு கிலோமீற்றர் நல்ல தார் ரோடு. ஒரு வளைவில் கத்தியால் வெட்டியதுபோல் தார் நின்றுவிட்டது. "ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"இந்த வளைவு வரைக்கும் பச்சைக்கு ஓட்டுப் போட்ட கிராமம், அவங்க முன்ன ஆட்சியில இருந்தப்ப தார் போட்டாங்க, சேர்" என்றார் ஆட்டோக்காரர். "அங்கிட்டு நீலம் ஆட்சியில கொஞ்சம் கல்லு பரப்புனாங்க. அதுக்குள்ள அவங்க தோத்துட்டாங்க. இப்ப அந்தக் கல்லு மேலதான் நம்ம டயர் கிழியுது."

தோட்டம் அழகானதுதான். தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்றால் கீழே மகாவலிப் பள்ளத்தாக்கு, எதிரே நக்கிள்ஸ் மலை. அந்த அழகுக்குப் பின்னால்தான் ஆபத்து. லயத்தின் முதுகில் செங்குத்தான சரிவு, தனத்தின் வீட்டுப் பின்சுவரில் என் விரல் நுழைகிற வெடிப்பு. மண்சரிவை ஆராய்கிற அதிகாரிகள் வந்து பார்த்து, இருபது குடும்பமும் வீட்டைக் காலி செய்து எழும்ப வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். மேட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவுக்கு ஏழு பேர்ச் வீதம் பதினாறு துண்டு காணியும் அளந்தாயிற்று. இருபது குடும்பத்துக்குப் பதினாறு காணி. யாருக்கு என்று முடிவு செய்வது மண்ணை அளந்தவன் இல்லை, கட்சி அமைப்பாளர்!

இந்த நாட்டில் கட்சி என்றால் இரண்டுதான். பச்சை, நீலம். நம் தொழிற்சங்கத் தலைவர்கள் தனிக்கட்சி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டாலும், வாக்கு எண்ணி முடித்த மறுநாள் எது வென்றதோ அதன் மடியில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். வேலைக்கு, பாடசாலைக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, எல்லாவற்றுக்கும் வென்றவன் கடிதம் வேண்டும்.

இனி என் வெட்கக்கேடு. எங்கள் அப்பா கண்டி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அப்பா பச்சைக்கு நன்கொடை கொடுப்பார், அவரோடு கடையில் இருந்த அவர் தம்பி நீலத்துக்குக் கொடுப்பார். யார் வந்தாலும் கடைக்குக் கல் விழாது. டவுனில் பாதிக் கடைகள் அப்படித்தான். தனத்துக்குக் கல்யாணமான புதிதில், பெரிய மேதாவியாட்டம், அதே யோசனையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: "மாப்பிள்ளை பச்சையில சேரட்டும், நீ நீலத்து மாதர் சங்கத்துல சேர்ந்துக்க. எவன் வந்தாலும் வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கும்."

சேர்ந்தார்கள். ஒரே அலுமாரியில் இரண்டு கொடி. நீல ஆட்சியில் முதல் லிஸ்ட் எழுதியபோது, புருஷன் செல்வம் பச்சைப் போஸ்டர் ஒட்டுகிறான் என்று பெயரை அடித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆட்சி முடியும்வரை ஒரு காணியும் கொடுக்கவில்லை. இப்போது பச்சை புது லிஸ்ட் எழுதுகிறது, பெண்சாதி நீலத்து மாதர் சங்கம் என்று அடித்துவிட்டார்கள். கடைக்காரன் இரண்டு பக்கமும் காசு கொடுக்கிறான், அதனால் இரண்டு பக்கமும் கதிரை போட்டு உட்காரவைக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளிடம் கொடுக்க என்ன இருக்கிறது? இது ஏன் அன்றைக்கு என் மரமண்டையில் ஏறவில்லை?

"மச்சான், பாதி எடம் இன்னும் நிரப்பல. இவ மேடையில ஏறி எல்லார் முன்னுக்கும் பச்சையில சேர்ந்தா பேரைப் போடுறதா சொல்லிருக்காங்க" என்றான் செல்வம். தனம் தேங்காய் துருவிக்கொண்டே, "எனக்கு எந்தக் கலரும் ஒண்ணுதான் அண்ணே. புள்ளைங்க ரெண்டும் அந்தச் செவுத்துக்குக் கீழ படுக்குதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்பிட்டியவில் ஒரு மண்டபம். பதினொன்றே காலுக்குத்தான் தொடங்கினார்கள், அதைச் சொல்லவே தேவையில்லை. முதலில் ஒரு பெரிய மனிதர் கட்சி மாறுகிறார் என்று பட்டாசு வெடித்தார்கள். வெள்ளை வேட்டி, பச்சை மாலை. பார்த்ததும் தனம் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அந்த இரும்புக்கடை முதலாளி!"

நீலத்தின் அமைப்பாளராக இருந்து முதல் லிஸ்டில் இவள் பெயரை அடித்தவர். இவளை மாதர் சங்கத்தில் சேர்த்து நீல அட்டை கொடுத்தவரும் அதே புண்ணியவான்தான். ஒரு மாதத்துக்கு முன்வரை நீல மேடையில் பச்சையைத் திருடன் என்று கத்தியவர். சூடு சொரணை என்று ஒன்று கிடையாதா? கட்டிப்பிடித்தார்கள், நடுக் கதிரையில் உட்காரவைத்தார்கள். இனித் தோட்டப் பகுதிக்கு அவர்தான் பச்சை அமைப்பாளர் என்று மைக்கில் அறிவித்துவிட்டு, காணி லிஸ்டை அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

பிறகு தோட்டத்துச் சனத்தை வரிசையாகக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு மாலையுமில்லை, கதிரையுமில்லை. தனத்தின் முறை வந்தது. முதலாளி லிஸ்டைப் பார்த்தார், அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது நீலத்து ஆளாச்சே! தங்கச்சி, நேத்து வரைக்கும் அங்க இருந்துட்டு இன்னைக்குக் காணிக்காக இங்க வந்தா எப்பிடி? இந்த மாதிரி ஆளுங்கள நம்பலாமா?"

தனம் தலை குனிந்து நின்றாள். நான் எழும்பிவிட்டேன். அதற்குள் அவளே நிமிர்ந்தாள்.

"அப்ப நீங்க?"

மைக் அவள் பக்கம்தான் இருந்தது. மண்டபத்தின் பின்வரிசைவரை கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள், தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. அவர் லிஸ்டை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அடுத்த லிஸ்டுல பார்ப்போம். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது செல்வம் அவளைத் திட்டுவான் என்று பயந்தேன். அவன் அவளுக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தான். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோ அண்ணே?" என்று தனம்தான் இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்று சொன்னேன். பத்திரமான சுவருக்குள் தூங்குகிறவன் சொல்கிற பதில்தானே அது, எனக்கே கூச்சமாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து பிரதேச செயலாளருக்கும், மண்சரிவு அதிகாரிகளுக்கும், கொழும்பில் அமைச்சுக்கும் மூன்று மனு எழுதினேன். இதுவரை ஒரு பதிலும் இல்லை.

போகிறவர்களுக்கு: கண்டிக்குக் கடைசி பஸ் மாலை ஆறரைக்கு, அதை நம்பாமல் ஐந்தரைக்கே நில்லுங்கள். தோட்டத்தில் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். கொடி பார்த்துப் பேச்சுக் கொடுக்காதீர்கள். தை முதல் சித்திரை வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், சரிவுக்குக் கீழே ஒரு நாள்கூடத் தங்க வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தனம் கோல் எடுத்தாள். மனுவுக்குப் பதில் வந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

"சரிண்ணே. இங்க மழ தொடங்கிருச்சு."